இரண்டாம் சூடு ஏறாத மாலை

எங்கள் வீட்டில் ஏலக்காய் மாலை கோப்பதற்கு ஒரு முறை உண்டு. முழுக்கக் காய்ந்த காயில் ஊசியை ஏற்றினால் தோல் பிளந்துவிடும். அதனால் முக்கால் பங்கு காய்ந்ததும் எடுத்து, தோல் மெத்தென்று இருக்கும்போதே கோத்துவிட வேண்டும். கோத்த மாலையை மறுபடி ஸ்டோருக்குள், அதாவது காய் உலர்த்தும் கட்டடத்துக்குள் கொண்டுபோய், சூட்டுக் குழாய்க்கு மேலே கட்டிய கொடியில் ஒரு முழு நாள் தொங்கவிட வேண்டும். இதைத்தான் இரண்டாம் சூடு என்போம். அந்தச் சூடு ஏறிய மாலையைக் காதருகே வைத்து ஆட்டினால் விதை கலகலக்கும். ஏறாத மாலை சத்தமே போடாது. ஆனால் பார்வைக்கு அதுதான் அழகு. பச்சைப் பசேலென்று கொழுகொழுவென்று இருக்கும். மூடி வைத்தால் ஒரு மாதத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.

இதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் வாழ்நாளில் நான் தெரிந்தே செய்த பெரிய தப்பு இந்தச் சூட்டில்தான் இருக்கிறது.

என் மாமனாருக்கு ஆண் பிள்ளை இல்லை, இரண்டு பெண்கள். மூத்தவளை எனக்குக் கொடுத்து, என்னை வீட்டோடு வைத்துக்கொண்டார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். குரங்கணிக்கு மேலே சரிவில் இருந்த அவருடைய ஏலத் தோட்டத்தையும், காய் உலர்த்தும் ஸ்டோரையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். அட்டை கடித்த கால், புகை குடித்த சட்டை, இதுதான் என் அடையாளம். வருஷத்தில் ஒரு நாள் மட்டும் ஊர் என்னைத் திரும்பிப் பார்க்கும். பங்குனி உத்திரத்தன்று போடியில் எங்கள் முருகனுக்குச் சாத்தும் ஏலக்காய் மாலை என் கையால் கோத்தது. ஆறு நாள் ஒருவேளைச் சாப்பாட்டோடு இருந்து, குளித்து ஈரவேட்டியோடு உட்கார்ந்து கோப்பேன். மாலையைச் சாத்தித் தீபாராதனை காட்டும்போது, "யாரு, பெரிய மாப்ள கோத்ததா?" என்று யாராவது கேட்பார்கள். அது போதும் எனக்கு.

இளையவளைக் கட்டியவர், அதாவது என் சகலை, பத்து வரை படித்து, டைப் அடிக்கக் கற்றுக்கொண்டு பம்பாய்க்குப் போனவர். ஆகாய விமானத்துக்கு வேண்டிய சாமான்களை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விற்கும் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம், முதலாளிக்குத் துணையாக அவரும் கப்பலேறிப் பாரிஸ் நகரத்துக்குப் போனார். அங்கே இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை உலகத்து விமானமெல்லாம் வந்து கூடும் பெரிய கண்காட்சி நடக்கும். திரும்பி வந்ததும் ஆடிக்கு மாமனார் வீட்டுக்கு வந்தார். அந்த ஆடியிலிருந்துதான் என் வயிறு எரியத் தொடங்கியது.

சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். தெருவில் பாதிப் பேர் உள்ளே வந்துவிட்டார்கள். சகலை கதை சொன்னார். அந்தக் கண்காட்சி முதல் உலகச் சண்டைக்கும் முந்தியே ஆரம்பித்ததாம். ஊருக்கு நடுவில் கூரை முழுக்கக் கண்ணாடி போட்ட ஒரு பெரிய மண்டபம். அதற்குள் வரிசையாக விமானங்களை நிறுத்தி வைத்திருப்பார்களாம். சண்டை வந்தால் நின்றுபோகும். சண்டை ஓய்ந்தால் மறுபடி கூடும். தயாரிக்கிறவன் ஒரு பக்கம், வாங்குகிறவன் ஒரு பக்கம், வேடிக்கை பார்க்கிறவன் நடுவில்.

"அப்ப நம்ம மாட்டுச் சந்தை மாதிரின்னு சொல்லுங்க மாப்ளே," என்றார் மாமனார். "பல்லப் புடிச்சுப் பாத்துட்டு வெல பேசுவாகளோ?"

"அதேதான் மாமா. பல்லுக்குப் பதிலா இஞ்சினத் தொறந்து காட்டுவாங்க."

கூடமே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நான் கேட்டேன்: "பறக்கிற சாமானக் கட்டடத்துக்குள்ள நிப்பாட்டி வச்சுப் பாக்குறதுக்கா தம்பி இம்புட்டுத் தூரம் கப்பலேறிப் போனீக?"

மட்டம் தட்டத்தான் கேட்டேன். அவரோ என்னைப் பார்த்துக் கண்ணை விரித்தார். "சரியாக் கேட்டீங்கண்ணே. அங்கயும் இதே பேச்சுதான். பறக்கிறத மட்டும் ஊருக்கு வெளிய மைதானத்துல காட்டுறாங்க. ஜனம் ரெண்டு எடத்துக்கும் அலையுது. அடுத்த தடவ எல்லாத்தையும் மைதானத்துக்கே கொண்டுபோயிருவாங்கன்னு சொன்னாங்க."

"பாத்தீகளா, பெரிய மாப்ள எப்படிப் புடிச்சாரு," என்றார் மாமனார். ஆனால் அவர் பார்த்தது சகலையைத்தான்.

சகலை கொண்டுவந்த படத்து அட்டை ஒன்று, வெள்ளி நிறத்தில் ஒரு விமானம். அதை மாமனார் பூசை அறைச் சுவரில், முருகன் படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டிவிட்டார். காலையில் விபூதி பூசிக் கும்பிட்டு நிமிர்ந்தால் வேலுக்கு அடுத்து எனக்குத் தெரிவது அந்த விமானம். இரண்டு வருஷம் அதைப் பார்த்தே கும்பிட்டேன். கும்பிட்டேன் என்று சொல்கிறேன். உண்மையில் பாதி நாள் அதை முறைத்துக்கொண்டுதான் நின்றேன்.

"அவுக எங்க போனா உங்களுக்கென்ன," என்பாள் என் மனைவி. "மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரியாதீக. பாக்குறவுக என்ன நெனப்பாக."

"எனக்கென்ன. நான் என் சோலியப் பாக்குறேன்."

"பாக்குறீக, பாக்குறீக. மூணு தடவ ஒரே மூட்டையத் தச்சுட்டீக."

அந்தக் கண்காட்சி இரண்டாம் தடவை வந்தபோது, மாசி மாதம் சகலையிடமிருந்து கடிதம் வந்தது. மாமனார் அதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். கண்காட்சி இந்த வருஷம் முழுக்க மைதானத்துக்கே போய்விட்டதாம். அங்கே ஒரு பெரிய தொழிற்சாலைத் தலைவரைச் சந்தித்து, அவர் சாமானை இந்தியாவில் விற்கும் உரிமையை வாங்கச் சகலையின் முதலாளி போகிறார். நம் வழக்கப்படி அவருக்கு ஒரு மாலை போட ஆசை. பூமாலை கப்பலில் வாடிவிடும். அதனால் ஏலக்காய் மாலை வேண்டும். "அண்ணன் கையால் கோத்தது வேண்டும். அது நன்றாக அமைந்தால் அடுத்தடுத்த தடவையும் என்னையே கூட்டிப்போவதாக முதலாளி சொல்லியிருக்கிறார்" என்று முடித்திருந்தார்.

மாமனார் கடிதத்தை மடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். "நம்ம சின்ன மாப்ளையால இந்தக் குடும்பத்துக்கு என்ன பேரு பாருங்க," என்றார். பிறகுதான் என் பக்கம் திரும்பி, "வெரசாக் கோத்துருங்க மாப்ளே," என்றார்.

'பேரு' என்ற அந்த ஒரு சொல் என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. கோக்கிறவன் நான். பேர் அவருக்கு.

தோட்டத்தில் அது கடைசி எடுப்பு. அதற்கப்புறம் செடியில் காய் கிடையாது. நல்ல காயாகப் பொறுக்கி, ஒரே நூலில், ஒரே கையால் இரண்டு மாலை கோத்தேன். ஒன்று முருகனுக்கு. இன்னொன்று பாரிசுக்கு. இரண்டையும் எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குள் போனேன். முருகன் மாலையைக் கொடியில் தொங்கவிட்டேன். இன்னொன்று என் கையிலேயே இருந்தது. கையைத் தூக்கினால் கொடி. அவ்வளவுதான் வேலை.

அடுப்புக்கு விறகு தள்ளுகிற தோட்டத்து ஆள் கீழேயிருந்து கேட்டார்: "அண்ணே, அந்த இன்னொன்னையும் போடலியா?"

"அதுக்கு நேரமில்ல. நாளைக்கே பஸ்சுக்குக் கொடுத்துவிடணும்," என்றேன்.

பொய். பஸ்ஸுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. அப்படியே கீழே கொண்டுவந்து, கடைத்தெருவில் தகர டப்பாவுக்குள் வைத்து, மூடியைச் சுற்றி ஈயம் வைத்து அடைக்கச் சொன்னேன். காற்று புகாது. ஈரமும் வெளியே போகாது.

அந்த வருஷம் பங்குனி உத்திரத்தில் முருகன் கழுத்தில் மாலை ஏறியபோது, யாரோ வழக்கம்போல, "பெரிய மாப்ள கோத்ததா?" என்று கேட்டார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை. ஆனால் உள்ளுக்குள் நான் வேண்டிக்கொண்டது என்ன தெரியுமா? எழுதவே கூசுகிறது. அவர் இனி ஒரு தரம் அங்கே போகக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். முருகன் முன்னால், கையைக் குவித்துக்கொண்டு.

ஆடிக்கு அவர் வந்தார். மழைக்கோட்டு ஒன்று தோளில் கிடந்தது. மறுபடி கூடம் நிறைந்தது. இப்போது எல்லாம் மைதானத்தில்தானாம். ஒவ்வொரு தேசத்துக்கும் ஒரு கொட்டகை, கொட்டகைமேல் கொடி. றெக்கையைப் பாதியாக அறுத்து உள்ளே இருக்கிற எலும்பைக் காட்டியிருக்கிறார்களாம். மழை பெய்து சேறாகி, கோட்டுப் போட்ட பெரிய மனிதரெல்லாம் பலகைமேல் நடந்தார்களாம். சாயங்காலம் வானத்தில் வித்தை. ஒரு விமானம் தலைகீழாகப் போனது. ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் போய், அதற்கப்புறம் இடி இடித்த மாதிரிச் சத்தம் மட்டும் வந்தது. ஒன்று மேலே எழும்பி நின்ற இடத்திலேயே நின்றது.

"நின்ன எடத்துலயா? ஆகாயத்துலயா?" என்றார் மாமியார். "ஆத்தாடி, கருடன் மாதிரி."

"மாலை என்னாச்சு மாப்ளே?" என்று மாமனார் கேட்டார்.

நான் தம்ளரைக் கீழே வைத்தேன்.

"போட்டோம் மாமா. போட்டதும் அந்த மனுசன் குனிஞ்சு குனிஞ்சு மோந்து பாத்துக்கிட்டே இருந்தாரு. சாயங்காலம் வரைக்கும் கழட்டல. இது யாரு செஞ்சதுன்னு கேட்டாரு. எங்க அண்ணன்னு சொன்னேன்."

கூடத்தில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இதற்குத்தானே ஏங்கினேன். அது வந்தபோது வாயில் சாம்பலை அள்ளிப் போட்ட மாதிரி இருந்தது. ஈர மாலை எப்படிப் பிழைத்தது? நான் கெடுக்க நினைத்ததும் அவருக்குப் பெருமையாகத்தான் முடிய வேண்டுமா? முருகன் அவர் பக்கமா? இப்படியெல்லாம் நினைத்தேன். வெட்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

மறுநாள் காலையில் இருவரும் கொட்டகுடி ஆற்றுக்குக் குளிக்கப் போனோம். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு அவர் மெதுவாகச் சொன்னார்.

"அண்ணே, வீட்டுல சொல்லல. அந்த டப்பாவ ஏடன் தாண்டித்தான் தொறந்தேன். பஞ்சு பொதிஞ்ச மாதிரி வெள்ளையாப் பூத்துக் கெடந்துச்சு. மொதலாளி பாத்தா அங்கயே என் சீட்டக் கிழிச்சிருப்பாரு."

நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அப்புறம் நம்ம ஸ்டோரு ஞாபகம் வந்துச்சு. நீங்க கொடியில மாலையத் தொங்கவிடுவீங்களே. கப்பலுக்கு அடியில பாய்லர் இருக்கு. அங்க ஒரு வங்காளத்துக்காரர் கரி தள்ளுவாரு. அவர் காலைப் புடிக்காத கொறையாக் கெஞ்சி, ஒவ்வொரு காயாத் துணியால தொடச்சு, ஆவிக் குழாய் மேல மூணு நாள் தொங்கவிட்டேன். மொதல்ல சிரிச்சாரு. அப்புறம் அவரே திருப்பித் திருப்பிப் போட்டாரு. கலர்தான் பழுப்பாப் போச்சு. வாசனை போகலண்ணே."

"அப்படியா," என்றேன்.

"உங்களுக்கு இருக்கிற சோலியில ரெண்டாஞ் சூடு விட்டுப்போயிருக்கும். மாமாகிட்ட நான் சொல்லல. நீங்களும் சொல்லிக்கிட்டு இருக்காதீங்க. உங்க மேல அவருக்குக் கொற வரக் கூடாது."

"ஆமா தம்பி," என்றேன். "விட்டுப்போச்சு."

சொல்லிவிட்டுத் தலையைத் தண்ணீருக்குள் முக்கினேன். மூச்சு முட்டுகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அதுவரை அவர் பார்த்த ஊர், அவர் போட்ட கோட்டு, அவருக்குக் கிடைத்த பேர், இவற்றின்மேல்தான் எனக்குப் பொறாமை. அன்றைக்கு ஆற்றில் அவர் மனசின்மேலேயே பொறாமை வந்துவிட்டது. ஒருத்தர்மேல் சந்தேகப்படவே தெரியாத மனசு. பாரிசுக்காவது ஒரு நாள் கப்பலில் இடம் கிடைக்கலாம். அந்த மனசுக்கு நான் எங்கே போவேன்?

மூன்றாம் கண்காட்சியும் வந்தது. யுத்தத்தின்போது நின்றுபோன ரயில் எங்கள் ஊருக்கு மறுபடி ஓடத் தொடங்கியிருந்த சமயம். மனைவியையும் குழந்தையையும் மாமனார் வீட்டில் விட்டுவிட்டுப் போகச் சகலையே நேரில் வந்தார். தொழிற்சாலைத் தலைவர் போன தடவை போட்ட மாலையை அறையில் மாட்டி வைத்திருக்கிறாராம். இந்தத் தடவையும் ஒன்று வேண்டுமாம். மாலை வந்தால்தான் பேச்சே என்று வேடிக்கையாக எழுதியிருக்கிறாராம்.

"அண்ணே, உங்க கையில இருக்கு," என்றார் சகலை.

நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன்.

மாசிக் கடைசி எடுப்பில் இரண்டு மாலை கோத்தேன். முருகன் மாலையை ஒரு நாள் தொங்கவிட்டு, பச்சை மாறாமல் இறக்கிவிட்டேன். அடுத்ததையும் தொங்கவிட்டேன். ஒரு நாள் ஆயிற்று. காதில் வைத்து ஆட்டினேன். கலகலத்தது. ஆனால் என் காதை என்னால் நம்ப முடியவில்லை. உள்ளே ஒரு காய், ஒரே ஒரு காய் ஈரமாக இருந்தால்? போன தடவை ஏமாற்றிய கை இல்லையா இது? இன்னும் ஒரு நாள் விட்டேன். ஆட்டினேன். கலகலத்தது. மறுபடியும் தொங்கவிட்டேன்.

விறகு தள்ளுகிறவர், "அண்ணே, போதும்ணே. காயுதா, பொசுங்குதா?" என்றார்.

"நீங்க அடுப்பப் பாருங்க," என்றேன்.

மூன்றாம் நாள் காலையில் மாலையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்தேன். பழுப்பாகிவிட்டது. சில காய் வாய் பிளந்திருந்தது. கிட்டத்தட்டக் கப்பல் பாய்லரில் காய்ந்த மாலை எப்படி இருந்திருக்குமோ அப்படி. இத்தனை வருஷத்தில் புதிதாக வந்த ஆள்கூடச் செய்யாத தப்பு. செடியில் காய் இல்லை. மலையிலேயே அந்த நேரத்துக்குப் பச்சைக் காய் இல்லை.

இரண்டு மாலையையும் வீட்டுக்குக் கொண்டுவந்து முறத்தில் வைத்தேன். என் மனைவி பார்த்தாள்.

"இந்தப் பழுப்பு பாரிசுக்கா?"

"இல்ல. அது சாமிக்கு. பச்சையா இருக்கிறது தம்பிக்கு."

"உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? சாமிக்குப் போய்த் தீஞ்சதப் போடுவாகளா? விரதமிருந்து கோத்த மாலையத் தூக்கி எவனோ ஒரு வெள்ளக்காரன் கழுத்துக்குக் கொடுப்பாகளா?"

அப்போதுதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஈயம் வைத்து அடைத்ததையும், முருகன் முன்னால் வேண்டிக்கொண்டதையும். முறத்தில் உதிர்ந்து கிடந்த விதைகளை விரலால் ஒரு பக்கம் ஒதுக்கினாள்.

"இப்ப அவுக மேல உங்களுக்கு அந்த எரிச்சல் இல்லையாக்கும்?"

"இருக்கு," என்றேன். "இப்பவும் இருக்கு."

"இருந்துமா இதக் கொடுக்குறீக?"

"சாமிகிட்ட நான் சொல்லிக்கிடுறேன். தம்பிகிட்ட என்னால சொல்ல முடியல."

அவள் எழுந்துபோய்ச் சுத்தமான வெள்ளைத் துணி ஒன்று கொண்டுவந்து, பச்சை மாலையை அதில் சுற்றினாள்.

உத்திரத்தன்று காலை ரயிலில் அவர் மதுரைக்குப் புறப்பட்டார். டப்பாவைத் தூக்கிக்கொண்டு நான் மட்டும் ஸ்டேஷன் வரைக்கும் போனேன். இந்தத் தடவை ஈயம் வைக்கவில்லை. மூடியைக் கயிற்றால் கட்டியிருந்தேன்.

ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு அவர் சொன்னார்: "இந்தத் தடவ கப்பல் இல்லண்ணே. பம்பாயிலருந்து பிளேன்லயே போறோம். ரெண்டு நாள்ல அங்க இருப்போம். ஈரத்தோட கொண்டுபோனாக்கூடப் பூஞ்ச புடிக்க நேரமிருக்காது."

மூன்று நாள் தீயில் வாட்டியவன் நான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே எனக்கு வாய் திறந்துகொண்டது.

"தம்பி, போன தடவ அந்த ரெண்டாஞ் சூடு விட்டுப்போகல. நான்தான் போடாம விட்டேன். தெரிஞ்சேதான் விட்டேன். நீங்க மறுபடி போகக் கூடாதுன்னு."

அவர் சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். வழி தெரியாத ஊரில் இறங்கிவிட்டவர் மாதிரிப் பார்த்தார். கார்டு விசில் ஊதினார். சகலை டப்பாவை மடிமேல் வைத்துக் கயிற்றை அவிழ்த்தார். துணியை விலக்கி, மாலையின் ஒரு நுனியை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார்.

வாழ்நாளில் முதல் தடவையாக அவர் ஒருத்தர்மேல் சந்தேகப்பட்டதை நான் பார்த்தேன். கற்றுக்கொடுத்தவன் நான்தான்.

"காஞ்சிருக்குண்ணே," என்றார். மூடியைப் போட்டார். வண்டி நகர்ந்தபோது கையைக் காட்டினார். "வர்றேன்," என்றார்.

நேரே கோயிலுக்குப் போனேன். குருக்கள் பழுப்பு மாலையை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார்.

"என்னப்பா, இந்த வருஷம் தீஞ்ச வாசம் வருது?"

"சூடு கூடிப்போச்சு சாமி."

அவர் ஒரு தரம் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சாத்தினார். கற்பூர வெளிச்சத்தில் முருகன் கழுத்தில் அது கருத்துத் தெரிந்தது. அன்றைக்கு யாரும், பெரிய மாப்பிள்ளை கோத்ததா என்று கேட்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மன்னிக்கச் சொல்லி வேண்டினேன். ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். வாய் முருகா, முருகா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. நினைப்பெல்லாம் அந்த ரயில் எந்த ஊரைத் தாண்டியிருக்கும் என்பதிலேயே இருந்தது. நான் பட்டினி கிடந்து கோத்த பச்சை மாலை ஆகாயத்தில் ஏறி, விமானம் நின்ற இடத்திலேயே நிற்கிற அந்த மைதானத்துக்குப் போகிறது. கோத்த நான் போகவில்லை.